மார்வாவின் கேசட்டில் கடைசிப் பாட்டு

மார்வா பிளிசெட்டிடம் உனக்குப் பிடித்த பாட்டு எது என்று யாரும் சும்மா கேட்டுவிட முடியாது. கேட்டால் பஸ் போய்விடும். எண்பத்தொன்றாம் வருஷம் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பஸ்ஸும் அப்படி ஒன்றும் அடிக்கடி வராது. கார்த் தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடிக்கொண்டிருந்த காலம். வேலையே இல்லாதவனுக்கு பஸ் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ. மார்வாவுக்கு வேலை இருந்தது. டெலிபோன் தொழிற்சாலையில் நீள மேஜை முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்க ஒயர் பற்றவைப்பாள். விரலெல்லாம் சூட்டுத் தழும்பு. கோபம் மூக்குக்கு மேலே.

அவளுக்குப் பிடித்த பாட்டுகளும் அவளைப் போலத்தான். வேலையில்லாதவர்களுக்குப் பணம் கொடுக்கும் ஆபீஸ் வரிசையைப் பற்றி ஒரு பங்க் பாட்டு உண்டு. ‘நாளைக்கு வா’ என்று பெயர். கிட்டாரை வாசிக்கிறானா உடைக்கிறானா என்று தெரியாது, முழுசாகக் காதில் விழுவதற்குள் முடிந்துபோகும். மார்வா அதைத் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் போடுவாள். காப்பி குடிப்பவர்களுக்குக் காப்பி, எனக்கு இது என்பாள். இன்னொன்று ஜமைக்காவின் ஸ்கா தாளத்தில், வாயால் பாடாத ஒரு பாட்டு. ட்ரோம்போன் என்ற ஊதுகுழல் ஒன்று குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிற மாமா மாதிரி தள்ளாடித் தள்ளாடி வரும், பின்னாலேயே கிட்டார் ‘சக் சக்’ என்று வெட்டிக்கொண்டே போகும். அதைக் கேட்டால் நின்ற இடத்திலேயே முழங்கால் மடங்கி ஓட ஆரம்பித்துவிடும், பிடித்து வைத்தாலும் நிற்காது. மூன்றாவது, போலீஸ்காரன் தெருவில் நிறுத்திப் பையைக் கொட்டச் சொல்வதைப் பற்றி லீட்ஸ் பெண்கள் நாலு பேர் கத்திப் பாடியது. அதைக் கேட்கும்போது மார்வா பாடமாட்டாள், பல்லைக் கடிப்பாள்.

இந்தப் பாட்டுகளுக்காக அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. சனிக்கிழமை நடன அரங்கில் மொட்டைத் தலை வெள்ளைக்காரப் பயல்கள் வருவார்கள். எங்கள் ஆட்கள் ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்த தாளத்துக்கு அந்தப் பயல்கள் வேர்க்க வேர்க்க ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே பயல்கள் கொடியைத் தூக்கிக்கொண்டு ‘கறுப்பனே வெளியே போ’ என்று எங்கள் தெரு வழியாகவே ஊர்வலம் போவார்கள். ஒரு தடவை மார்வா அப்படி ஒருவனை ஊர்வலத்தின் நடுவிலேயே அடையாளம் கண்டுகொண்டாள். “டேய், நேத்து ஆடினது யார் பாட்டுக்குடா? உங்க தாத்தன் பாட்டா?” என்று கேட்டாள். அவன் துப்பினான். இவள் செருப்பைக் கழற்றினாள். எங்கள் தெருக்காரர்கள் இழுத்துக்கொண்டு வந்ததால் அன்றைக்கு அவன் பிழைத்தான்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது இடம்தான். முதலிடம் எப்போதும் பேரில்லாத ஒரு பாட்டுக்கு. அது அவள் அப்பா லின்வலின் பெட்டிக்குள் இருந்தது.

லின்வல் பகலில் பஸ் பணிமனையில் மெக்கானிக். வார இறுதியில் மைக் செட்காரர். ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு கல்யாணம், ஞானஸ்நானம், பிறந்தநாள் என்று போய்ப் பாட்டுப் போடுவார். ஊருக்கு நாலு செட் இருந்தால் நாலுக்கும் போட்டி. எவனிடம் வேறு யாரிடமும் இல்லாத பாட்டு இருக்கிறதோ அவன் பக்கம் கூட்டம். எதிர் செட்காரன் ஆளை அனுப்புவான். அந்த ஆள் ஆடுகிற மாதிரி மெல்ல வந்து, சுற்றுகிற இசைத்தட்டின் நடுவில் என்ன பேர் எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பான். அதற்காகவே செட்காரர்கள் நல்ல தட்டு கையில் கிடைத்த உடனே லேபிளைச் சுரண்டிவிடுவார்கள். பாட்டின் பேர், பாடினவர் பேர் எல்லாம் போய்விடும். லின்வல் இதற்கென்றே கப்பல் படம் போட்ட பழைய அரைப்பென்னிக் காசு ஒன்றை வைத்திருந்தார். அவர் பெட்டியில் பாதித் தட்டு நடுவில் சொறி பிடித்த மாதிரி வெள்ளையாக இருக்கும்.

அப்படி ஒரு தட்டில்தான் அந்தப் பாட்டு. மழை வருது, கொடியில் துணி கிடக்குது, ஓடி வா என்று ஒரு பெண் பாடுவாள். சின்னக் குரல், ஆனால் பயமில்லாத குரல். மார்வா நாலு வயசிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தது. “யாருப்பா பாடுறது?” என்று கேட்டால் லின்வல், “ஒரு பொண்ணு” என்பார். அம்மா இசில்டாவிடம் கேட்டுப் பயனில்லை. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை, வேலை விட்டால் சர்ச். கர்த்தருடைய பாட்டைத் தவிர வேறு எந்தப் பாட்டும் காதில் விழக்கூடாது. செட் ஓட ஆரம்பித்தால் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள்.

இனி நைஜல் ப்ராசர். மார்க்கெட்டில் பழைய தட்டு விற்கும் கடையில் பழக்கமான வெள்ளைக்காரப் பையன். ஓவியக் கல்லூரியில் படித்தவன், ‘ஸ்பேர் வீல்ஸ்’ என்ற குழுவில் பாடுகிறவன். கறுப்பும் வெள்ளையுமாக ஆறு பேர், ஸ்காவையும் பங்க்கையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறும் கூட்டம். நைஜலுக்கு நல்ல சிரிப்பு. மார்வாவிடம் அவன், “உனக்கு ரொம்பப் பிடிச்சதையெல்லாம் எனக்கு ஒரு கேசட்ல போட்டுக் குடேன்” என்றான். இதைவிடப் பெரிய காதல் வசனம் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவனவன் தன் நெஞ்சைப் பிளந்து கேசட்டில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

மார்வா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தாள். எது முதலில், எதற்குப் பின்னால் எது என்று மாற்றி மாற்றிப் பதிந்தாள். கடைசியில், அப்பா குளிக்கப் போன நேரத்தில், அந்தப் பேரில்லாத பாட்டையும் ஏற்றினாள். கேசட்டு போதவில்லை. இரண்டாவது சரணம் முடிந்ததும் டேப் ‘டக்’ என்று நின்றுவிட்டது. பரவாயில்லை என்று விட்டாள். அட்டையில் எல்லாப் பாட்டுக்கும் பேர் எழுதினாள். கடைசிப் பாட்டுக்கு எழுதப் பேரில்லை. ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டாள்.

அந்த நட்சத்திரம் மறு வருஷம் ரேடியோவில் வந்தது.

சனிக்கிழமை காலை. இசில்டா அடுப்பில் வாழைப்பழத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். மார்வா மேஜையில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள். அம்மாவின் சர்ச்சுக்குப் பயந்து சத்தம் குறைவாகத்தான். ‘சக் சக்’ என்று கிட்டார், மேலே நைஜலின் குரல். மழை வருது, கொடியில் துணி கிடக்குது. முதலில் மார்வாவுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. என் கேசட்டு, என் பாட்டு என்று எழுந்து நின்றுவிட்டாள். பாட்டு முடிந்தது. ரேடியோக்காரன் சொன்னான், இந்த வாரம் ஏறிக்கொண்டிருக்கும் பாட்டு, எழுதி மெட்டமைத்துப் பாடியவர் நைஜல் ப்ராசர் என்று.

“எழுதினானா?” என்றாள் மார்வா. “இவனா எழுதினான்? திருட்டு நாய்.”

இசில்டா திரும்பவில்லை. எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. கரண்டியைப் பிடித்தபடியே அவள் பாட ஆரம்பித்தாள். நைஜல் நிறுத்திய இடத்திலிருந்து, மூன்றாவது சரணம்.

*என் சட்டையைப் போட்டுக்கிட்டு என் முன்னாடியே நிக்கிறே,*
*பித்தான் அஞ்சும் நான் தைச்சது, குனிஞ்சு எண்ணிப் பாரு.*

வயசான குரல். ஆனால் தட்டில் கேட்ட அதே குரல். மார்வா ரேடியோவை அணைத்தாள். இசில்டா அடுப்பை அணைத்தாள், கருகின வாழைப்பழத்தைக் குப்பையில் கொட்டினாள், நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அம்மா, அது நீயா?”

“பதினேழு வயசு. கிங்ஸ்ட்டன்ல. எங்க கொடியில துணி திருட்டுப் போய்க்கிட்டே இருந்தது, அதை வெச்சு நானே கட்டினேன். ஸ்டூடியோக்காரன் ஒரு மத்தியானம் பாட வெச்சான், ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக் குடுத்தான், போய்ட்டு வான்னான். ஒரு தட்டுல என் பேரைப் போட்டுக் கையில குடுத்தான். அதைத் துணிக்கு நடுவுல பத்திரமா வெச்சுக் கப்பல்ல கொண்டுவந்தேன்.”

“பேரைப் போட்டானா? எங்க பேரு? தட்டுல ஒண்ணுமே இல்லையே.”

இசில்டா திரும்பிப் பார்த்தாள். வாசலில் லின்வல் நின்றுகொண்டிருந்தார். கடைக்குப் போய்விட்டு வந்தவர், கையில் பால் பாட்டில்.

மார்வாவுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. “நீதான் சுரண்டினியா?”

“எல்லாரும் சுரண்டுவாங்க” என்றார் லின்வல். “அந்தப் பேரு வெளிய தெரிஞ்சிருந்தா பர்மிங்காம் செட்காரன் மறு வாரமே எங்கயாச்சும் தேடிப் பிடிச்சிருப்பான். அந்த ஒரு தட்டுக்காக எத்தனை ஹால்ல என் செட்டைக் கூப்பிட்டாங்க தெரியுமா? செட்டுக்கு ஒரு மரியாதை இருந்தது.”

“செட்டுக்கு மரியாதை. பாடினவளுக்கு?”

“நான் ஒளிச்சுத்தானே வெச்சேன், பொண்ணே. திருடலையே.”

“நீ ஒளிச்சு வெச்ச, அவன் எடுத்துக்கிட்டான். பொண்டாட்டி பேரைக் காசால சுரண்டிட்டு இருபது வருஷமா ‘ஒரு பொண்ணு, ஒரு பொண்ணு’ன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்க. வெக்கமா இல்ல?”

லின்வல் பால் பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். இசில்டாதான் பேசினாள். “அவரை மட்டும் திட்டாத. சுரண்டும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். சிரிச்சேன்கூட. கல்யாணமான புதுசு, என் பாட்டை ஒருத்தன் தங்கம் மாதிரி பதுக்குறானேன்னு பெருமையா இருந்தது. மடச்சி.” ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அப்புறம் பார்த்தா அது என் பாட்டுன்னு சொல்றதுக்கு எனக்கே வாய் வரல. அவரு செட்டுப் பாட்டா ஆயிடுச்சு. அதான் கதவைச் சாத்திக்கிட்டேன். கர்த்தருக்காகன்னு நீங்க நினைச்சீங்க.”

தானும் அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டுத்தானே கொடுத்தோம் என்பது மார்வாவுக்கு உறைத்தது. அந்த எரிச்சலும் சேர்ந்து நைஜல் மேல்தான் போனது.

ஸ்பேர் வீல்ஸ் ஒரு மதுக்கடையின் மாடியில் பயிற்சி செய்வார்கள். அன்று மத்தியானமே மார்வா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினாள். நைஜல் கையை விரித்துக்கொண்டு வந்தான்.

“மார்வா, வா வா. ரேடியோல கேட்டியா?”

“கேட்டேன். எப்ப எழுதின?”

அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. “அது உன் கேசட்டுல இருந்ததுதான். நான் எங்க இல்லேன்னேன்? பேரே போடலயே நீ. பழைய ஜமைக்காப் பாட்டு, யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது, நாட்டுப்பாட்டு மாதிரின்னு நினைச்சேன்.”

“தெரியாதுன்னா தெரியாதுன்னு போடணும். உன் பேரை எதுக்குப் போட்ட?”

“கம்பெனிக்காரன் ஏதாவது ஒரு பேர் வேணும்னான்.”

“உலகத்துல இருந்தது உன் பேர் ஒண்ணுதானா?”

பின்னால் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்த ராய்ஸ்டன் தலையைக் குனிந்துகொண்டான். ராய்ஸ்டன் எங்கள் பையன், மார்வாவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவன் குனிந்ததைப் பார்த்ததும் மார்வாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“அது எங்கம்மா பாட்டு. எழுதினதும் அவங்க, பாடினதும் அவங்க.” தட்டை நீட்டினாள்.

நைஜல் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுல ஒண்ணுமே இல்லையே, மார்வா. உங்கம்மா பேர் எங்க?” அவன் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டான். அதுதான் இன்னும் மோசம். “இங்க பாரு, நாம எல்லாம் ஒரே பக்கம். கறுப்பும் வெள்ளையும் ஒண்ணா நின்னு பாடுறோம். அந்த மொட்டைப் பசங்களுக்கு எதிரா நிக்கிறதே நாமதான். அடுத்த ரெக்கார்டுல உங்கம்மாவுக்கு நன்றின்னு மூலையில போடுறேன்.”

“நிக்கிறது ஒண்ணாத்தான் நிக்கிறீங்க. லேபிள்ல பேர் மட்டும் வெள்ளையா இருக்கு” என்றாள் மார்வா. தட்டைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். மொட்டைத் தலைக்காரனாவது மூஞ்சிக்கு நேரே துப்பினான் என்று படியிறங்கும்போதே சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனதை மதுக்கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை நடுஊர் ரெக்கார்டு கடையில் ஸ்பேர் வீல்ஸ் உட்கார்ந்து கையெழுத்துப் போடப்போகிறார்கள் என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். வாங்குகிறவர்களுக்குத் தட்டின் உறையிலேயே பேர் எழுதித் தருவார்களாம். கடைக் கண்ணாடியை உடைப்பேன் என்றாள் மார்வா. தோட்டத்திலிருந்து செங்கல் ஒன்று எடுத்துப் பையில் போட்டும் வைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இசில்டா அந்தப் பையைத் தூக்கினாள், கனத்தது, திறந்து பார்த்தாள்.

“கண்ணாடி உன்னை என்ன பண்ணுச்சு?” செங்கல்லை எடுத்து வெளியே வைத்தாள். “உடைச்சா பேப்பர்ல உன் பேர் வரும். எனக்கு வேண்டியது என் பேர். நாளைக்கு நானும் வர்றேன்.”

மறுநாள் காலை இசில்டா சர்ச்சுக்குப் போகும் நீலத் தொப்பியை வைத்துக்கொண்டாள். கையுறை போட்டுக்கொண்டாள். சமையலறை மேஜையில் அந்தக் கப்பல் போட்ட அரைப்பென்னி கிடந்தது. அதை வைத்தது லின்வல். “வேன்ல கொண்டுபோய் விடுறேன்” என்றார். இசில்டா காசைக் கையுறைக்குள் சொருகினாள். “நடந்தே போறோம்” என்றாள்.

கடை வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சட்டைகள், ஊசி குத்திய காதுகள், நடுவில் ஒரு நீலத் தொப்பி. இசில்டா கடைக்குள் போய் ஒரு தட்டைக் காசு கொடுத்து வாங்கிவந்து வரிசையில் நின்றாள். உறையிலிருந்து எடுத்தாள். பாட்டுப் பேருக்குக் கீழே நைஜல் ப்ராசர் என்று அச்சடித்திருந்தது. கையுறையைக் கழற்றி, அரைப்பென்னியை எடுத்து, பேர் மேல் மட்டும் வைத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. பாட்டு ஓடும் பள்ளத்தில் ஒரு கீறல் விழவில்லை. முன்னால் நின்ற ரோஸ் கலர் முடிக்காரி திரும்பினாள்.

“ஆன்ட்டி, என்ன பண்றீங்க? புதுசு அது.”

“அழுக்கா இருந்தது, கண்ணு.”

மார்வாவுக்கு வாய் துடித்தது. அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

கடைக்குள் ஸ்பீக்கரில் அதே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் நைஜல், பக்கத்தில் ராய்ஸ்டன். நைஜல் மார்வாவைப் பார்க்கவில்லை, அவள் ஒரு கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். நல்ல சிரிப்போடு தட்டை வாங்கினான். “யார் பேருக்குப் போடட்டும், மேடம்?”

“இசில்டா பார்னபி. அது என் கல்யாணத்துக்கு முந்தின பேரு.”

அவன் உறை மேல் பேனாவை வைத்தான். இசில்டா உறையிலிருந்து தட்டை வெளியே எடுத்து, லேபிளில் வெள்ளையாகச் சுரண்டிய இடத்தில் விரலை வைத்தாள். “அங்க இல்ல. இங்க.”

நைஜல் அதைப் பார்த்தான். நிமிர்ந்தான். கம்பத்துக்குப் பக்கத்தில் மார்வா தெரிந்தாள். அவன் காதுவரை சிவந்துபோனான். “மேடம், இதை நாம தனியா உக்காந்து பேசலாமே.”

அப்போது ஸ்பீக்கரில் இரண்டாவது சரணம் முடிந்து பாட்டு நின்றது. இசில்டா நிற்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். சர்ச்சில் பாடிப் பாடித் தேறிய குரல், மைக் வேண்டியதில்லை.

*என் சட்டையைப் போட்டுக்கிட்டு என் முன்னாடியே நிக்கிறே,*
*பித்தான் அஞ்சும் நான் தைச்சது, குனிஞ்சு எண்ணிப் பாரு.*

கல்லாவில் இருந்தவன் அடுத்த தடவை தட்டில் ஊசியை வைக்கப் போன கையை எடுத்துக்கொண்டான். ராய்ஸ்டன் இரண்டு விரலால் மேஜையில் தாளம் தட்ட ஆரம்பித்தான், கிட்டார் வெட்டுகிற இடத்தில் சரியாக. பாட்டு முடிந்ததும் அவன் எழுந்து தன் நாற்காலியை இசில்டா பக்கம் தள்ளினான். “உக்காருங்க, பிளிசெட் அம்மா” என்றான். நைஜல் பக்கம் திரும்பி, “எழுதுடா” என்றான்.

நைஜல் எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது. இசில்டா பார்னபி. இசில்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள், சரியாக இருக்கிறதா என்று. தட்டை உறையில் போட்டு மார்வாவிடம் கொடுத்தாள். பிறகு நாற்காலியை இழுத்து மேஜையை ஒட்டி உட்கார்ந்தாள். எழுந்திருக்கிற உத்தேசம் தெரியவில்லை.

“அடுத்தது” என்றாள்.

“எதும்மா?” என்றான் நைஜல்.

“கடையில இருக்கறது எல்லாம். நான் சுரண்டுறேன், நீ எழுது.”

கடை மேனேஜர் வாயைத் திறந்தார். அதற்குள் ரோஸ் முடிக்காரி தன் தட்டை இசில்டா முன்னால் வைத்தாள். “எனக்கும் அவங்க பேர் போட்டதுதான் வேணும். இல்லன்னா காசைத் திருப்பிக் குடுங்க.” அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து கைகள் நீண்டன. மேனேஜர் வாயை மூடிக்கொண்டார். நைஜல் எழுந்திருக்கப் பார்த்தான், ராய்ஸ்டன் அவன் தோளில் கையை வைத்து அழுத்தினான்.

இசில்டா கையுறையை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அரைப்பென்னியை ஏப்ரனில் துடைக்கிற பழக்கத்தில் பாவாடையில் துடைத்தாள். மார்வா கல்லாவுக்குப் பின்னால் போய், தட்டுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த அட்டைப்பெட்டியை இழுத்து வந்து அம்மாவின் காலடியில் வைத்து முதல் கட்டைப் பிரித்தாள்.